சாம்பாருக்கு யார் மார்க் போடுவது?

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் காலைப் பேருந்தில், புதிய கல்விமுறைகளைப் பற்றிய உரை ஒன்றை ஃபோனில் வெகு தீவிரமாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். முன் இருக்கையில் சீருடையோடு இரண்டு ஒன்பதாம் வகுப்புப் பையன்கள். ஒல்லியாக இருந்தவன் சொன்னது காதில் விழுந்ததும் இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

“எங்க வூட்டு நாயே என் சாம்பாரை மோந்து பாத்துட்டுப் போயிடுச்சுடா.”

“உன்னை யாருடா சமையல் கிளாஸ் எடுக்கச் சொன்னது? என்னை மாதிரி வயரிங் எடுத்திருக்கலாம் இல்ல?”

“எழுத்துப் பரீட்சை கிடையாதுன்னாங்க. ஜாலின்னு நெனச்சுக்கினு பேர் குடுத்துட்டேன். வூட்ல ஒரு வாரம் சமைக்கணும், சாப்ட்டவங்களே கிளாஸுக்கு வந்து எப்படி இருந்துச்சுன்னு சொல்லணும், அதை வெச்சுத்தான் மார்க்குன்னு எவன் கண்டான்?”

“உனக்கு யாரு வர்றாங்க?”

“எங்கப்பா. இன்னிக்கு மத்தியானம்.”

“சாப்பாடு எப்படிடா இருந்துச்சு?”

“மொத நாள் சோறு கஞ்சியாயிடுச்சு. மறுநாள் அரிசி வேகவே இல்ல, வறுத்த மல்லாக்கொட்டை மாதிரி கடிச்சுத் தின்னாங்க. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு எத்தினி மணிக்கு பஸ்ஸுன்னு எங்கம்மா கேக்கறாங்க.”

“அப்பா என்ன சொன்னாரு?”

“தினமும் தட்டை வழிச்சுச் சாப்ட்டாரு.”

“அப்போ மார்க்கு நிச்சயம். அப்புறம் ஏன்டா மூஞ்சை இப்படி வெச்சுக்கினு வர்றே?”

“அதான்டா பேஜாரு. பாசத்துல சூப்பர்னு சொல்லித் தொலைச்சிடுவாரு. மொத மார்க் வாங்கறவன்தான் நாளைக்கு டீச்சருங்க அத்தினி பேருக்கும் சமைச்சுப் போடணும்.”