சனிக்கிழமை காதல், ஞாயிற்றுக்கிழமை கொலை

சரிங்க... நாவல்ல மலையும் லீவும் ஏன் வருதுன்னு இவ்வளவு நேரம் பெரிய மனுஷன் மாதிரி பேசிட்டேன். இப்ப என் யோக்கியதையைச் சொல்றேன், கேளுங்க. சின்னக் கதைதான். டீ வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்.

நான் மாத நாவல் முப்பத்தொண்ணு எழுதியிருக்கேன். முப்பத்தொண்ணுலயும் ஒரே ஏற்பாடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு ஜோடி மலைமேல ஒரு பங்களாவுக்கு வரும். சனிக்கிழமை காதல்... ஞாயித்துக்கிழமை கொலை. திங்கக்கிழமை காலையில கொலைகாரனைப் பிடிச்சுக் குடுத்துட்டு ரெண்டு பேரும் ஆபீசுக்குப் போயிடுவாங்க. ஒரு நாள் லீவு போட மாட்டாங்க.

இத்தனை ஜோடியை மலை ஏத்தினேனே, நான் எத்தனை தடவை ஏறியிருப்பேன்? சொல்லுங்க பார்ப்போம்... பூஜ்யம். மூடுபனியையெல்லாம் கரூர்ல, கரண்ட் இல்லாத மத்தியானத்துல, வேர்த்து வழிஞ்சுக்கிட்டு எழுதினவன் நான்.

என் கையெழுத்து அச்சகத்துல யாருக்கும் புரியாது. என் மனைவி மரகதவல்லிதான் எல்லாத்தையும் முத்து முத்தா திருப்பி எழுதித் தருவா. அதாவது, முப்பத்தோரு ஜோடி மலைக்குப் போனதை அவ தன் கையால எழுதியிருக்கா... ஒருநாள் பேனாவை மூடி வெச்சுட்டுக் கேட்டா.

"என்னங்க... ஒரு தடவை நாமளும் போயிட்டு வரலாமா? ரெண்டே நாள். நீங்க, நான். வேற ஒண்ணும் வேண்டாம்."

கல்யாணமாகி பத்தொன்பது வருஷத்துல அவ வாய்விட்டுக் கேட்டது அது ஒண்ணுதான். போனோம். ஏற்காடு.

இறங்கின உடனே நான் என்ன பண்ணினேன்? அவ கையைப் பிடிச்சேனா? நோட்டை எடுத்தேன். நாங்க தங்கப்போன பங்களாவோட காவல்காரர் பொன்னுரங்கம் வந்து பெட்டியை வாங்கினார். நான் அவர் காலைப் பார்த்தேன்... செம்மண். ஆஹா, எங்கேயோ குழி தோண்டியிருக்கான். தாழ்வாரத்துக் கோடியில ஒரு அறை. பூட்டியிருக்கு.

"உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க சார்."

ஒண்ணுமில்லைன்னா எதுக்குய்யா பூட்டு? என் கதையில கொலைகாரன் எல்லாம் இப்படித்தான் பேசுவான்.

மரகதம் தலைவாரி, புதுப்புடவை கட்டிக்கிட்டு வந்து நிக்கறா. "ஏரி வரைக்கும் நடக்கலாமாங்க?" நான் சொல்றேன்... "நீ முன்னால போ, வந்துடறேன்." போனேனா? சனிக்கிழமை பூரா அந்த மனுஷன் பின்னாலயே சுத்தினேன். அவர் தோண்டினது காப்பிச் செடி நடறதுக்கு. ஞாயித்துக்கிழமை காலையில, என் தொல்லை தாங்காம அந்த அறையையும் திறந்து விட்டுட்டார். உள்ள என்ன தெரியுமா... பதினாலு மெத்தை.

"குரங்கு வந்து பஞ்சைப் பிச்சுப் போட்டுடுதுங்க சார். அதான் பூட்டு."

மத்தியானம் பஸ் ஏறிட்டோம். மரகதம் ஜன்னலுக்கு வெளியவே பார்த்துக்கிட்டு வந்தா. திரும்பாமலே கேட்டா.

"பிணம் கிடைச்சுதா?"

"இல்லை."

"எனக்குக் கிடைச்சுது. நான் கேட்ட அந்த ரெண்டு நாள். கொன்னது யாருன்னும் தெரியும்."

சிரிக்கறீங்க... நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே அவ முகத்தைப் பார்த்தேன்... கண்ணுல தண்ணி. எனக்கு வெட்கமாப் போச்சுங்க. பொண்ணுங்க மனசை இவரை மாதிரி யார் எழுதுவான்னு வாசகர் கடிதம் வரும் எனக்கு. அந்த ஆளு நான்தான்.

சட்டுனு எந்திரிச்சேன். "கண்டக்டர், நிறுத்துங்க. இறங்கணும்."

"யோவ், இது கொண்டை ஊசி வளைவுய்யா. இங்க யார் வீடு இருக்கு உனக்கு?"

"வீடு இல்லீங்க. ரெண்டு நாளா பாக்கி வெச்ச வேலை ஒண்ணு இருக்கு."

திட்டிக்கிட்டே இறக்கி விட்டார். ஏரி இல்லை, மூடுபனி இல்லை... சுடற வெயில், ஒரு கைப்பிடிச் சுவர். நோட்டு சீட்டுலயே கிடந்து பஸ்ஸோட போயிடுச்சு. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம். அந்தச் சுவர்ல உட்கார்ந்து மரகதம் பேசினா, நான் கேட்டேன். பாதியில விட்ட படிப்பு, அவங்க அப்பா, எங்களுக்குத் தங்காமப் போன குழந்தை... பத்தொன்பது வருஷமா அவளுக்குள்ளயே இருந்ததெல்லாம் வந்துச்சு. பஸ் வந்துச்சு. நாங்க ஏறலை. அதுக்கு அடுத்த பஸ்ஸுலதான் வந்தோம்.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? எழுதறவங்க மலையை ஏன் தேடறோம்? ரெண்டு பேரை அங்க கொண்டுபோய் விட்டா, ஒருத்தரை ஒருத்தர் பார்த்தே ஆகணும், வேற வழியில்லை. அதுக்குத்தான். கதையில அதைப் பண்ணத் தெரிஞ்ச இந்த மடையனுக்கு, சொந்த வாழ்க்கையில தெரியலை. நீங்களாவது... வர்ற சனிக்கிழமை மலைக்குப் போங்க, கடலுக்குப் போங்க, எங்கயும் போக முடியலைன்னா மொட்டை மாடிக்குப் போங்க. போனதும் கூட வந்தவங்க முகத்தை முதல்ல பாருங்க. அவங்க என்ன சொல்றாங்கன்னு கேளுங்க. மலை எங்கயும் போயிடாது.