வாணம் தவறவில்லை

ஐயா, உங்கள் ஏட்டையா எழுதியதில் ஒரே ஒரு தப்பு இருக்கிறது. காற்று தள்ளி வாணம் திசைமாறி விழுந்தது என்று எழுதியிருக்கிறார். மானாம்பதித் திருவிழாவுக்குப் பதினாறு வருஷமாக வாணம் கட்டுகிறவன் நான். இருசப்பன் கட்டிய வாணம் தப்பியது என்று நாலு பேர் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை.

நிலக்காரர் ஏகாம்பரத்தை உங்களுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்பு என் மனைவி சிட்டம்மாள் பிரசவ வலியில் துடித்தாள். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போக அவரிடம் வண்டி கேட்டேன்.

“மாடு இப்பத்தான் ஏர் ஓட்டிக்கினு வந்து நிக்குது. நாளிக்கிப் பாக்கலாம், போடா” என்றார்.

மறுநாள் வண்டி தேவைப்படவில்லை. தாயையும் பிள்ளையையும் ஒரே குழியில் வைத்தேன். அன்று பற்றிய ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அதை மறைக்க மாட்டேன்.

அடுத்த மார்கழியில் ரஷ்யாக்காரன் விட்ட ராக்கெட் நிலாவில் இறங்காமல் விலகிப் போனது. எட்டு மாதம் கழித்து விட்டது சரியாகப் போய் மோதியது. எப்படி என்று வரதன் வாத்தியாரைக் கேட்டேன்.

“நிலா ஒரே எடத்துலயா கீது? அதுவும் ஓடிக்கினே கீது. இப்ப எங்க கீதுன்னு பாக்கக் கூடாது இருசப்பா. இது போய்ச் சேர சொல்ல அது எங்க இருக்கும்னு பாக்கணும்.”

நியாயமான பேச்சு. ஏரி வற்றியதும் சுண்ணாம்பால் வட்டம் போட்டுப் பழகினேன். மருந்தை ஒரே கெட்டியாக இடித்தேன், வால்குச்சிகளை ஒரே எடையில் சீவினேன். முதல் வாணம் நூறு அடி தள்ளி விழுந்தது. நாற்பதாவது, ஒரு கொட்டகை அகலத்துக்குள் விழுந்தது.

ஏகாம்பரத்தின் மகள் தாயாரம்மாள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பிள்ளை பிறந்து ஒன்பது நாள். தீட்டுக்காரி சாமி எதிரில் வரக்கூடாது. ஊரே புறப்பாடு பார்க்கப் போயிருக்கும்போது அவளும் குழந்தையும் மட்டும் தோட்டத்துக் கூரைக் கொட்டகையில் இருப்பார்கள். சாமி கோயில் வாசலைத் தாண்டியதும் கொளுத்தினேன். கூரைக்கு நட்டநடுவில் இறங்கியது. ஏகாம்பரம் ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டு அழுததைக் கடைசிவரை நின்று பார்த்தேன். வயிறு குளிர்ந்தது.

அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல பெண். ஆத்திரத்தில் அவசரப்பட்டேன் என்றும் எழுதிவிடாதீர்கள். போன வருஷத் திருவிழாவுக்கே என் கை பழகிவிட்டது. அப்போது அவளுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பிள்ளை பிறக்கட்டும் என்று காத்திருந்தேன்.