வாசலில் விட்ட செருப்பு

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வரும் காலை ரயிலில் என் எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

"செருப்பைத் தலைமாட்டுல வெச்சிட்டுத் தூங்குறா, அக்கா."

"யாரு, போலீஸ் மீட்டுக் கொடுத்தாங்களே, உன் மகளா?"

"அவதான். அஞ்சு வயசுல தூக்கிட்டுப் போனவன் பதினோரு வருஷம் செலாயாங்ல ஒரு வீட்டுல பூட்டி வெச்சிருந்தான். நம்ம வீட்டுல இருந்து ஒரு மணி நேரம்கூட இல்ல. வெளியவே விடாதவன் செருப்பு எதுக்கு வாங்கித் தரப் போறான்? வெறுங்காலோடதான் வந்தா. பாதம் கைக்குழந்தை பாதம் மாதிரி இருக்கு. நான்தான் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுல ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன்."

"ஆசையா வெச்சிக்கிறா. இருந்துட்டுப் போகட்டும் லா."

"எங்க மாமியார் விடணுமே. செருப்பு வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு தினம் சண்டை. நேத்து அவகிட்ட, 'வாசல்ல விடும்மா, யாரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க'ன்னு சொன்னேன்."

"கேட்டாளா?"



"'என்னையும் வாசல்லதானே விட்டிருந்தீங்க, ஆன்டி'ன்னா."