எல்லம்மாவின் வலது கால்

அந்த அறையின் சுவர் பச்சையா நீலமா என்று இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். முன்னும் பின்னுமாகச் சில விஷயங்களை நான் மாற்றிச் சொல்லக்கூடும். வெந்நீரில் ஊறிய பாதங்களின் வாசனை மட்டும் மறக்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஆம்பூருக்கு வெளியே, தோல் பதனிடும் ஷெட்டுகளுக்குப் பின்னால் இருந்த தோல்நோய் கிளினிக்கை நான் தனியாகப் பார்த்துக்கொண்டேன். டாக்டர் தேவானந்தம் வேலூரிலிருந்து மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் தேமலா தொழுநோயா என்று பஞ்சு முனையால் தொட்டுப் பார்ப்பதும், மாத்திரை கொடுப்பதும், நோயால் மரத்துப்போன பாதங்களில் காய்த்த தோலைப் பிளேடால் சீவிக் கட்டுவதும் என் பொறுப்பு. ஜெபகனி சிஸ்டருக்கு நல்ல கை என்பார்கள்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நோயாளியை வெளியில் கண்டால் நாங்களாக வணக்கம் சொல்லக் கூடாது. என்னைத் தெரியும் என்றாலே அவர்களுக்கு என்ன நோய் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். நியாயமான வழக்கம்தான். குணமான மரியம்மாள் ஒருநாள் லாங் பஜாரில் என் தோளை உரசிக்கொண்டு போனாள். அவள் கண் என் மேல் படவில்லை. வருஷக்கணக்காக அவள் பாதம் என் மடியில் இருந்தது. நான் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு என் அறைக்குத் திரும்பினேன்.

எல்லம்மா ஷெட்டில் தோல் உலர்த்துகிறவள். மரத்துப்போன வலது உள்ளங்காலில் புண். காலை வாளியில் வைத்ததுமே பேச ஆரம்பித்துவிடுவாள்.

"இன்னா சிஸ்டரு, நேத்தும் ரசம்தானா? ஒண்டி ஆளுக்குப் பொங்கறது பேஜாருதான்."

நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்ட குரல் அது ஒன்றுதான்.

புண் நன்றாக ஆறி வந்தது.

"செண்பகத்தைப் பொண்ணு பாக்க வாணியம்பாடிலருந்து வர்றாங்க. அதுக்குள்ள கட்டு இல்லாம நடந்துடுவேனா?"

"நடந்துடுவீங்க எல்லம்மா."

"அப்பால உன்னை வெளிய பாத்தா பாக்காத மாரி போய்டுவேன். கோச்சிக்காதம்மா. பொண்ணு வாழ்க்கை."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று காய்ப்பைச் சீவும்போது பிளேடைச் சற்று ஆழமாக விட்டேன். அவளுக்கு வலிக்காது. வலிக்காத இடத்தில் செய்வது கொடுமையாகாது. அவள் மகளுக்கு எடுத்த புடவையின் நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரமும் வந்தாள். ஆறும்போதெல்லாம் சீவினேன்.

"வெறுங்காலோட நடக்குறாங்களா சிஸ்டர்?" என்று டாக்டர் கேட்டார்.

"ஷெட்டுல சுண்ணாம்புத் தண்ணி டாக்டர். சொன்னா கேக்குறதில்ல."

அவர் அவளைக் கடிந்துகொண்டார். நாங்கள் கொடுத்த ரப்பர் செருப்பை அவள் கழற்றியதே இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் தன்மேல்தான் ஏதோ தப்பு என்று தலை குனிந்துகொண்டாள். அவளுக்கு நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

பெண் பார்க்க வந்தவர்கள் எல்லம்மாவின் காலில் இருந்த கட்டைப் பார்த்தார்கள். காப்பியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார்களாம். அதைச் சொல்லி எல்லம்மா என் மடியில் அழுதாள். அன்று வெகுநேரம் இருந்தாள்.

பிறகு புண் எலும்புக்கு இறங்கியது.

டாக்டர் தேவானந்தம் இறந்துவிட்டார். கிளினிக்கை மூடிவிட்டார்கள். மரியம்மாள் மேல்விஷாரத்தில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். செண்பகத்துக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெங்களூரில் வீட்டுவேலை செய்கிறாள், ஊருக்கு வருவதில்லை. எல்லம்மாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அவளை வைத்துக்கொள்ள யாரும் இல்லாததால் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். சபையில் என்னைப் பாராட்டிப் பேசினார்கள். இப்போது இரண்டு பேருக்குச் சமைக்கிறேன்.

இடது காலும் மரத்து வருகிறது. உள்ளங்காலில் சின்னதாக ஒரு புண். கவலைப்பட ஒன்றுமில்லை, நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.