ஒன்றாம் எண் மஞ்சள் மூடி

இல்லை, தேநீர் போதும். பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், நமத்துப்போயிருக்கிறது. பிரித்தவர் பாக்கெட்டின் வாயை மடித்து ஒரு கிளிப் போட்டிருந்தால் இன்னும் பத்து நாள் மொறுமொறுவென்று இருந்திருக்கும். உங்கள் அலுவலகத்தில் இதையெல்லாம் யார் வாங்குகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படி ஒருவர் இல்லை என்பது பிஸ்கட்டிலேயே தெரிகிறது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், அந்தச் சமையல்காரம்மாவை விட்டுவிடலாம். அவர்மேல் எனக்கு இரக்கம் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். உங்கள் அறிக்கையில் ‘பணியாளரின் கவனக்குறைவு’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்காகத்தான் நானாக இங்கே வந்தேன். இருபத்திரண்டு வருடங்களாக ஒன்பது பள்ளிக்கூடங்களின் மதியச் சாப்பாட்டுக்குச் சரக்கு வாங்குகிறேன். என் கையைத் தாண்டிப் போன எதுவும் கவனக்குறைவால் போனதில்லை. அந்தப் பெண் குழந்தைக்குப் போனதும் அப்படித்தான்.

சாப்பாடு அடுப்பிலிருந்து வருகிறது என்று நினைக்கிற ஜனங்கள்தான் அதிகம். அது கிடங்கிலிருந்து வருகிறது. ஒன்பது பள்ளிகளுக்கும் ஒரே சமையல்கூடம். அதன் பின்பக்கம் என் கிடங்கு, கிடங்குக்குள் கண்ணாடித் தடுப்பு போட்ட என் அறை. பெட்டியின் மேல் வரிசையில் மட்டும் சிவப்புத் தக்காளியை அடுக்கிக்கொண்டு வருகிற வியாபாரியையும், அதைப் பார்த்துவிட்டு “சூப்பரா இருக்கு சார்” என்கிற சமையல்காரர்களையும், கேரட்டைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுகிற பிள்ளைகளையும் அங்கே உட்கார்ந்துதான் இத்தனை காலம் பார்த்தேன். மனிதர்கள் வாயால் சொல்வதை நம்பக்கூடாது என்று சீக்கிரமே தெரிந்துகொண்டேன். அதனால் சாப்பாட்டுப் பெட்டிகள் திரும்பி வந்ததும் ஒவ்வொன்றையும் தராசில் வைப்பேன். எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பேன். திரும்பி வருகிற பெட்டி பொய் சொல்வதில்லை.

மஞ்சள் மூடி என்றால் என்னவென்று கேட்டீர்கள். சில பிள்ளைகளுக்குச் சில பொருள்கள் ஆகாது என்று பெற்றவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். அவர்களுக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை என ஒன்றும் சேராத ஒரே குழம்பு. பெட்டிக்கு மஞ்சள் மூடி, மூடிமேல் எண். நான் வேலைக்குச் சேர்ந்தபோது மூன்று மூடிகள் இருந்தன. இந்த வருடம் முப்பத்தொன்பது. இருபது வருடத்தில் மனித உடம்பு இவ்வளவு கெட்டுப்போய்விடாது. தாய்மார்களுக்குப் பொழுது போகவில்லை, அவ்வளவுதான்.

அந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டவர்தான் நீங்கள் பிடித்துவைத்திருக்கிற பெண்மணி. எல்லாரும் அவரை மஞ்சமூடி அக்கா என்பார்கள். பதினெட்டு வருடம் அதே அடுப்பு, அதே கரண்டி. அந்தக் கரண்டியை வேறு யாராவது தொட்டால் கையில் அடி விழும்.

ஒன்றாம் எண் மூடி மூன்றாம் வகுப்புப் பெண்ணுடையது. அவளுடைய அம்மா ஒவ்வொரு பருவம் தொடங்கும்போதும் கிடங்குக்கே வந்துவிடுவார். “தொந்தரவு பண்றேன்னு தெரியுது சார். புள்ளைக்கு வேர்க்கடலை ஆகாது, குழம்புக்குப் போடுற சோள மாவு பாக்கெட்ட ஒரு தடவை காட்டிடுங்களேன்,” என்பார். நான் எடுத்துக் கொடுப்பேன். என் ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பாக்கெட்டின் பின்பக்கத்தை விரலை ஓட்டி வரிவரியாகப் படிப்பார். “நீங்க வாங்கினா சரியாத்தான் சார் இருக்கும். மனசு கேக்க மாட்டேங்குது.” இதை நான் மூன்று வருடம் பொறுத்துக்கொண்டேன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி, “உங்க பேச்சக் கேட்டா ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் ஒழுங்கா சோறு தின்னுறீங்க போல,” என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள். அதில் எனக்குத் தவறு எதுவும் தெரியவில்லை.

அரிசி வாங்கினால் ஒரு பிடி ஊறவைத்துப் பார்க்கிறோம். எண்ணெய் வாங்கினால் காய்ச்சிப் பார்க்கிறோம். ஒரு தாய் சொல்வதை மட்டும் ஏன் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும்? மற்றப் பிள்ளைகளின் குழம்புக்குப் போடுகிற வேர்க்கடலைப் பொடி கிடங்கில் இருந்தது. மஞ்சள் மூடிக்கான சோள மாவில் அதைக் கொஞ்சம் கலந்தேன். எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பிரித்த பாக்கெட்டை அப்படியே சமையலுக்குத் தரமாட்டோம். டப்பாவில் கொட்டி, நான் கையெழுத்துப் போட்ட சீட்டை ஒட்டித்தான் தருவோம். சீட்டில் என் கையெழுத்து இருந்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

அக்கா மட்டும் முகர்ந்து பார்த்தார். “என்ன சார், மாவு கமகமன்னு இருக்கு? எங்க மேல திடீர்னு பாசமா?”

“வறுத்து அரைச்சது,” என்றேன்.

“அதான பாத்தேன். நீங்க வாங்குற வெங்காயத்த உரிச்சா எங்களுக்கு அழுக வராது சார். மூட்டையப் பிரிச்சாலே வந்துரும்.”

சமையல்கூடமே சிரித்தது. நான் டப்பாவை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் வாரம் கொஞ்சம் கூட்டினேன். முப்பத்தெட்டுப் பெட்டிகள் வழித்துத் துடைத்ததுபோல் திரும்பி வந்தன. தும்மல்கூட யாருக்கும் வரவில்லை. ஒன்றாம் எண் மட்டும் குழம்பு அப்படியே மிச்சம். சோற்றைத் தின்றுவிட்டுக் குழம்பை விட்டிருந்தாள். அதிலிருந்து பதினேழு நாளும் இதே கதை.

அக்கா என் அறைக்கே வந்தார். “சார், மொத மூடி குழம்பத் தொடவே மாட்டேங்குதாம். நாக்கு அரிக்குதுங்குதாம்.”

“அம்மா சொல்லிக் குடுத்திருப்பாங்க.”

“எட்டு வயசுப் புள்ள சார்.”

“எட்டு வயசுலதான் பொய் நல்லா வரும்.”

“எனக்கு ஒரு மாதிரி இருக்கு சார். அவங்க அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிரட்டுமா?”

“நான் பேசிக்கிறேன். நீங்க அடுப்பப் பாருங்க.”

நான் பேசவில்லை. பள்ளிக்குக் கடிதம் எழுதினேன். ஒன்றாம் எண் மாணவி தொடர்ந்து உணவை வீணாக்குகிறாள், சாப்பிட்டு முடிக்கும்வரை அவளை இடத்தைவிட்டு எழுப்ப வேண்டாம் என்று இரண்டே வரி. பள்ளிக்கூடங்களைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். கடிதத்தின் அடியில் முத்திரை இருந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கே யாரும் யோசிப்பதில்லை. வியாழக்கிழமை அவளுடைய டீச்சர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குப் பொடியை நானும் தாராளமாகத்தான் போட்டிருந்தேன். அரைகுறையாகச் செய்தால் முடிவு தெளிவாகக் கிடைக்காது.

பன்னிரண்டே முக்காலுக்குத் தொலைபேசி வந்தது.

சனிக்கிழமை காலை இன்னொரு முறை வந்தது. திங்கட்கிழமைப் பட்டியலில் முப்பத்தொன்பதை அடித்துவிட்டு முப்பத்தெட்டு என்று எழுதினேன். யாராவது எழுதத்தானே வேண்டும்.

அம்மா செவ்வாய்க்கிழமை கிடங்குக்கு வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. “பாக்கெட்டக் காட்டுங்க சார்,” என்றார். பிரிக்காத புதுப் பாக்கெட் ஒன்றைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரிவரை படித்தார். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

“அக்கா, கரண்டிய மாத்திப் போட்டுட்டீங்களா?”

அக்கா அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “தெரியலையேம்மா,” என்றார். “தெரியலையேம்மா, மாத்திட்டேனோ என்னமோ.” உங்களிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். பதினெட்டு வருடம் ஒரே கரண்டியைப் பிடித்தவருக்குத் தன் கையை நம்பத் தெரியவில்லை. அவர் மாற்றவில்லை. அந்தச் சமையல்கூடத்தில் தன் வேலையைச் சரியாகச் செய்தவர்கள் இரண்டே பேர். அவர் ஒருவர்.

என் நியாயம் எளிமையானது. முப்பத்தொன்பது பேர் அதே குழம்பைப் பெற்றார்கள். முப்பத்தெட்டுப் பேர் நன்றாக இருக்கிறார்கள். இந்த எண்ணிக்கையை எந்த நீதிமன்றத்திலும் நான்...

இது என்ன காகிதம்?

ஓ. மூடிகளின் பட்டியல். இது என் பார்வைக்கு வருவதில்லை. பள்ளிகளிலிருந்து இது நேராகச் சமையல்கூடத்துக்குப் போகும், எனக்கு எத்தனை மூடி என்ற எண்ணிக்கை மட்டும் வரும். சரக்கு வாங்க எண்ணிக்கை போதும்.

இரண்டு, பால். மூன்று, பால். நான்கு, முட்டை. ஐந்து, கோதுமை. ஆறு, பால்.

கொஞ்சம் பொறுங்கள், முழுவதும் படித்துவிடுகிறேன். முப்பத்தெட்டு, கோதுமை. முப்பத்தொன்பது, முட்டை.

வேர்க்கடலை ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. ஆமாம், பார்த்தேன். முதல் வரியில்.

நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று புரிகிறது. மற்ற முப்பத்தெட்டையும் கணக்கில் சேர்க்கக்கூடாது என்கிறீர்கள். சரி, சேர்க்க வேண்டாம். சோதனை இன்னும் முடியவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். அப்படியென்றால் எல்லாம் அந்த ஒரு பெட்டியில் இருக்கிறது. அவள் முழுவதையும் சாப்பிட்டிருந்தால் அளவு மீறிப்போனது என்று சொல்லலாம். அளவு மீறினால் யாருக்குத்தான் ஒத்துக்கொள்ளும்? இரண்டு வாயோடு நிறுத்தியிருந்தால் அம்மா சொன்னது உண்மை என்றாகிவிடும். அப்படி இருக்காது. டீச்சர் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்.

வியாழக்கிழமை ஒன்றாம் எண் பெட்டி மட்டும் எனக்குத் திரும்பி வரவில்லை. என் ஏட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. பெட்டியை உங்கள் ஆட்கள் எடுத்துக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். அது இந்தக் கட்டடத்தில்தான் எங்காவது இருக்க வேண்டும். ஒரு தராசில் வைத்தால் போதும், பெரிய வேலை இல்லை. மூடியைக் கழற்றிவிடச் சொல்லுங்கள், மூடி மட்டும் நாற்பத்திரண்டு கிராம். மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறீர்களா?