காவல் நின்ற கீரி

எண்பதுகளின் பிற்பகுதியில், பாபகூராவிலிருந்து ஆக்லாந்து நகரத்துக்குப் போகும் காலை ரயிலில், எனக்கு முன் இருக்கையில் ஒரு யாழ்ப்பாணத் தம்பதி இருந்தார்கள். விசா அலுவலகத்துக்குத்தான் போகிறார்கள் என்பதைக் கணவரின் டை சொன்னது. வேறெந்தக் காரியத்துக்கும் நம்மவர்கள் அங்கே டை கட்டுவதில்லை.

"எங்கட பெரியண்ணை அந்த ஆபிரிக்கக் கீரிதான்," என்றார் மனைவி.

"ராத்திரி டிவியில பாத்ததே?"

"ஓம். மற்றதெல்லாம் குனிஞ்சு புழு கிண்டித் தின்னுதுகள். ஒண்டு மட்டும் தின்னாமல், ரெண்டு காலில எழும்பி நிண்டு, பருந்து வருதோ எண்டு பாக்குது. அண்ணையும் கலியாணம் கட்டாமல் எங்கள் எல்லாரையும் கரை சேர்த்துப்போட்டு, இப்ப ஷெல்லடிக்குள்ள தனிய நிக்கிறார்."

"இதை விசாக் கந்தோரில சொல்லிப்போடாதையும். அவர் எங்கட காசில சீவிக்கிறவர், எங்களில தங்கியிருக்கிறவர் எண்டால்தான் இங்க கூப்பிடலாம்."

"நாங்களெல்லோ அவரில தங்கியிருந்தனாங்கள்."

"அதுக்கு விசா இல்லையப்பா."

கணவர் சொன்னது சரி. விதிப் புத்தகங்களோடு உத்தியோகக் காலத்தைக் கழித்த எனக்குத் தெரியும்: தங்கியிருப்பவரை அழைக்க வழியுண்டு, தாங்கியவரை அழைக்க வழியில்லை.

சில நிலையங்கள் கடந்தன.

"அந்தக் கீரி எவ்வளவு நேரம் பசியோட நிக்குமாம்?" என்று கணவர் கேட்டார்.

"கொஞ்ச நேரம்தான். பிறகு வேற ஒண்டு வந்து மாறி நிக்கும்," என்றார் மனைவி. "எங்களில ஒருத்தரும் மாறேல்லை."