நேராக உயர்த்திய கை

நாள் முழுக்கக் கையைத் தூக்கி இறக்கினால், வீட்டுக்குப் போய்ச் சட்டைப் பொத்தானைக் கழற்றக்கூட விரல் மடங்காது ஐயா. கிடங்குக்குள் பெரிய லாரிகள் பின்பக்கமாக வரும்போது, ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி நின்று கைகாட்டுவது என் வேலை. கையை ஆட்டினால் வரலாம். உள்ளங்கையை உயர்த்தி அசையாமல் பிடித்தால் நிற்க வேண்டும். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

அக்காவின் வீட்டுக்காரர், என் மாமா, அந்த வளாகத்துக்குள்ளேயே லாரி ஓட்டினார். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். போன வருடம் அவருக்குப் பார்வை மங்கியது. அசைவது தெரியும், அசையாதது தெரியாது.

"வெளிய தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும் மாப்பிள்ளை. பெரியவ படிப்பு முடியற வரைக்கும் சமாளிடா," என்றார்.

சமாளித்தேன். நிறுத்த வேண்டுமென்றால் லாரியின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டுவேன். காது அவருக்கு நன்றாகக் கேட்கும்.

தார்ப்பாய் கட்டும் அண்ணனுக்கு மட்டும் சந்தேகம். "ஏன்டா, உங்க மாமா லாரியை ஓட்டறாரா, உன்னை ஓட்டறாரா? மத்தளம் மாதிரி தட்டிக்கிட்டே இருக்கியே," என்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

எனக்குத் தூக்கம் போயிற்று. போதும் மாமா என்றால், "அடுத்த மாசம் பாக்கலாம்" என்பார். மேலாளரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் சோறு போட்டவரைக் காட்டிக்கொடுத்தான் என்று அக்காவே பேசுவாள். அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். அது சரியா என்று அப்போதும் தெரியவில்லை. ஒரு நாள் தட்டாமல் விடுவது. லாரி சுவரில் இடிக்கும், உண்மை தானாக வெளியே வரும்.

அன்று கையை உயர்த்திப் பிடித்தேன். மாமா நிற்கவில்லை. அப்போது தார்ப்பாய் அண்ணன், கீழே விழுந்த கயிற்றை எடுக்க லாரிக்கும் சுவருக்கும் நடுவே போனார். போகுமுன் என்னைப் பார்த்தார். என் கை நிற்கச் சொல்வதைப் பார்த்துவிட்டு, நிம்மதியாகக் குனிந்தார்.

லாரி என்னை உரசுவதுபோலக் கடந்துகொண்டிருந்தது. தட்டினால் நின்றுவிடும். நின்றால் நாளைக்கும் தட்ட வேண்டும், அதற்கு மறுநாளும் தட்ட வேண்டும். அதைத்தான் யோசித்தேன். யோசிக்க நேரம் இருந்தது. கையை இறக்கவில்லை.

கேமராவில் என் மேல் ஒரு குறையும் இல்லை. "மாப்பிள்ளை சரியாத்தான் காட்டினான், எனக்குத்தான் கண்ணு போச்சு," என்று மாமா இதே ஸ்டேஷனில் உங்களிடம் அழுதாராமே. நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அண்ணனின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது நிறுத்தப் பாத்தியேப்பா," என்றார். விடவே இல்லை.

அண்ணனைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள் ஐயா: மாமாவுக்குக் கண் தெரியாது என்று கடைசிவரை நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.